எங்கள் வளவில் ஓடும் குதிரைகள்

வீட்டு வளவுக்குள்ளேயே பிள்ளைகள் குதிரை ஓடலாம் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்தவள்தான். நிலாவெளிக்கும் குதிரைக்கும் என்ன தொடர்பு? இங்கே கடல் இருக்கிறது, உப்பளம் இருக்கிறது, வெங்காயத் தோட்டம் இருக்கிறது, பனை இருக்கிறது. கோயில் வாகனத்திலும் சதுரங்கப் பலகையிலும் அல்லாமல் குதிரையை நாங்கள் கண்டதில்லை. ஆனாலும் கடந்த ஒரு வருடமாக எங்கள் வளவில் கிழமைக்கு மூன்று நாள் குதிரைகள் ஓடுகின்றன. அவை வந்த கதையையும், உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் விளையாடக்கூடிய சில குதிரை விளையாட்டுகளையும் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

என் மூத்த மகளுக்கு இப்போது வயது பதினான்கு. பன்னிரண்டு வயதில் பெரியபிள்ளையானாள். அதற்கு முன் கிளித்தட்டில் அவளை மறிக்க எங்கள் ஒழுங்கையில் ஆளில்லை. சடங்கு முடிந்தது, அதோடு விளையாட்டும் முடிந்தது. யாரும் சட்டம் போடவில்லை. "இனிப் பெடியளோட ஓடித் திரியாத பிள்ளை" என்று மாமி ஒருநாள் சொன்னார். நான் பேசாமல் இருந்தேன். அவ்வளவுதான்.

அதன் பிறகு பாடசாலை, ரியூஷன், கைபேசி என்று இரண்டு வருடம் போனது. உடற்பயிற்சிப் பாடத்துக்கு ஏதாவது சாட்டுச் சொல்லி மர நிழலில் இருந்துவிடுவாள். கிணற்றடியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் தூக்கி வந்தால் மூச்சு வாங்கும். "மேலெல்லாம் பாரமாக் கிடக்குதம்மா" என்பாள். வளருகிற வயது, அப்படித்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

நெடுந்தீவில் கண்டவை

சென்ற வருடப் பாடசாலை விடுமுறையில் யாழ்ப்பாணத்து உறவினர் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கிருந்து ஒருநாள் குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போனோம். கற்களால் அடுக்கிய வேலிகளைத் தாண்டி வெட்டவெளிக்கு வந்தபோது, தூரத்தில் பத்துப் பதினைந்து குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. உயரம் குறைந்த மட்டக்குதிரைகள். போர்த்துக்கேயர் காலத்தில் அங்கே குதிரைகள் வந்தன என்றும், ஒல்லாந்தர் அவற்றை வளர்த்தார்கள் என்றும் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற அதிகாரி குதிரை வளர்ப்பை நடத்தினார். சாராப்பிட்டியில் அந்தக் காலத்துக் குதிரை லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. வளர்ப்பு நின்ற பிறகு குதிரைகள் காட்டுக் குதிரைகளாகிவிட்டன. வரட்சிக் காலத்தில் தண்ணீர் கிடைக்காமல் அவை மடிவதும் உண்டு. 2015இல் அங்கே ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அவை ஏறிச் சவாரி செய்யும் குதிரைகள் அல்ல, தூர நின்று பார்க்க வேண்டியவை.

ஒரு குட்டி திடீரென்று தாயை விட்டு ஓடியது. காரணமே இல்லை. சும்மா ஓடியது, துள்ளியது, திரும்பி வந்தது. என் மகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். படகுக்கு நேரமாகிவிட்டது என்று மூன்று தரம் கூப்பிட்ட பிறகுதான் வந்தாள்.

நான் சொன்ன ஒரு சொல்

வீடு திரும்பி நாலைந்து நாள் இருக்கும். மைம்மல் பொழுது. கிணற்றடிக்குப் பின்னால் ஏதோ சரசரப்புக் கேட்டு எட்டிப் பார்த்தேன். மகள் ஒரு காய்ந்த பனைமட்டையைக் கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். விறகுக் கட்டைகளைத் தாண்டினாள். அந்தக் குட்டியைப் போலவே கழுத்தைச் சிலுப்பினாள். சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம்!

நான் என்ன செய்தேன் தெரியுமா? "குமர்ப்பிள்ளை செய்யிற வேலையா இது? ஆரும் பார்த்தா என்ன நினைப்பினம்?" என்றேன்.

அவள் மட்டையைக் கீழே போட்டுவிட்டாள். ஒரு சொல்லும் பேசவில்லை. உள்ளே போய்க் கைபேசியை எடுத்துக்கொண்டு மூலையில் குந்திவிட்டாள்.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. 1990இல் ஊரைவிட்டு நாங்கள் இடம்பெயர்ந்தபோது எனக்குப் பதினொரு வயது. முகாமில்தான் பெரியபிள்ளையானேன். நெருக்கமாகக் கட்டிய கொட்டில்கள். வெளியே போனால் பயம், உள்ளே இருந்தால் புழுக்கம். எனக்கு விளையாட்டு இல்லாமல் போனதற்கு யுத்தம் ஒரு காரணம். என் மகளுக்கு இல்லாமல் போனதற்கு என்ன காரணம்? வளவு இருக்கிறது, வேலி இருக்கிறது, பொழுது இருக்கிறது. தடுத்தது நான் ஒருத்திதான். இந்த எண்ணம் என்னை விடவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் நானே கத்தியை எடுத்துக்கொண்டு பனையடிக்குப் போனேன். இரண்டு மட்டை வெட்டி வந்தேன். "ஒண்டு உனக்கு, மற்றது எனக்கு" என்றேன். முதலில் நம்பவில்லை. நான் மட்டையில் ஏறி இரண்டு எட்டு ஓடிக் காட்டியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவளும் ஏறினாள்.

இது புதிய விளையாட்டு அல்ல

எங்கள் குதிரையைப் பார்த்த என் சித்தப்பா, அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், "பனைமட்டைக் குதிரை எங்கட இலக்கியத்திலயே இருக்குப் பிள்ளை" என்றார். சங்ககாலத்தில் விரும்பிய பெண்ணைப் பெற முடியாத இளைஞன் பனை மடலால் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை சூடித் தெருவில் வருவானாம். அதற்கு மடலேறுதல் என்று பெயர். குறுந்தொகையிலும் கலித்தொகையிலும் அது வருகிறது. மட்டையின் கருக்கு உடம்பைக் கிழிக்கும் என்பதால் அது ஒரு வேதனைச் சவாரி. பெண்கள் மடலேறுவது வழக்கமில்லை என்று தொல்காப்பியம் விதி சொன்னது. பின்னாளில் திருமங்கையாழ்வார் தம் திருமடல் பாடல்களில் ஒரு பெண்ணையே மடலேறுவேன் என்று பேச வைத்தார். மகள் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப நாங்கள் ஏறலாம்தானே தாத்தா" என்றாள்.

வெளிநாடுகளிலும் இது உண்டு. பின்லாந்து நாட்டில் பதின்ம வயதுப் பெண்பிள்ளைகள் குச்சிக் குதிரை ஓட்டுவதை ஒரு விளையாட்டாகவே வளர்த்திருக்கிறார்கள். குதிரையின் தலையைத் தாங்களே தைத்து, தடியில் பொருத்தி, தடை தாண்டும் போட்டிகள் வைக்கிறார்கள். தொடக்கத்தில் கேலிக்குப் பயந்து பலர் அதை ஒளித்துச் செய்தார்களாம். செல்மா வில்ஹுனென் என்ற பெண் இயக்குநர் அந்தப் பிள்ளைகளைப் பற்றி எடுத்த ஆவணப்படம் 2017இல் வெளிவந்தது. இப்போது தேசிய அளவில் போட்டிகள் நடக்கின்றன. இதை வாசித்தபோது கிணற்றடிக்குப் பின்னால் ஒளித்து ஓடிய என் மகள்தான் நினைவுக்கு வந்தாள்.

உண்மைக் குதிரையில் விளையாடும் விளையாட்டுகளும் இருக்கின்றன. ஆங்கிலேயர் இந்தியாவில் இருந்த காலத்தில் குதிரைமீது இருந்தபடி கரண்டியில் முட்டை ஏந்துவது, கம்பங்களுக்கு இடையே வளைந்தோடுவது போன்ற போட்டிகளை நடத்தினார்கள். அவற்றுக்கு ஜிம்கானா என்று பெயர். அது இந்திய மண்ணில் பிறந்த சொல். 1957இல் இங்கிலாந்தில் இளவரசர் பிலிப்பின் யோசனையில், விலையுயர்ந்த குதிரை வாங்க வசதியில்லாத பிள்ளைகளும் பங்குபற்றக்கூடிய போட்டி ஒன்று தொடங்கியது. அதிலும் இப்படியான விளையாட்டுகள்தான். குதிரையே வாங்க முடியாத எங்கள் பிள்ளைகளுக்காக அவற்றை நாங்கள் பனைமட்டைக்கு மாற்றிக்கொண்டோம்.

குதிரை செய்வது எப்படி?

பனைமட்டை என்றால் இருபக்கமும் உள்ள கருக்கை முழுவதும் சீவிவிட வேண்டும். பிறகு அரத்தாளால் தேய்க்க வேண்டும். இதைப் பெரியவர்களே செய்யுங்கள். பனை இல்லாதவர்கள் பழைய தும்புத்தடியின் பிடியைப் பாவிக்கலாம். நீளம் ஒரு மீற்றர் போதும். அதற்கு மேல் நீண்டால் ஓடும்போது பின்னால் வருபவரின் காலைத் தட்டும். தடியின் இரு நுனியிலும் பழந்துணி சுற்றி இறுக்கிக் கட்டுங்கள்.

தலைக்கு ஒரு பழைய நீளச் சொக்ஸ் எடுங்கள். அதற்குள் பழந்துணி அல்லது இலவம் பஞ்சு அடையுங்கள். தடியின் மேல்நுனியை உள்ளே விட்டு நூலால் இறுக்கிக் கட்டுங்கள். கண்ணுக்குப் பொத்தான், காதுக்கு வெட்டுத் துணி, பிடரி மயிருக்குத் தென்னந்தும்பு. பழைய ரிபன் ஒன்றைக் கடிவாளமாகக் கட்டுங்கள். எங்கள் வீட்டில் முதல் குதிரைக்கு ஒரு நாள் முழுதும் சென்றது. பிள்ளைகள் தாங்களே தைக்கட்டும். ஊசி நூல் பிடிக்கவும் பழகிவிடுவார்கள், கைபேசியும் அவ்வளவு நேரம் ஓய்வாக இருக்கும்.

வளவில் விளையாட ஆறு விளையாட்டு

1. நடை, துள்ளல், பாய்ச்சல்: உண்மைக் குதிரை நடக்கும்போது நான்கு குளம்பும் ஒவ்வொன்றாக நிலத்தில் படும், நான்கு தட்டுச் சத்தம் கேட்கும். துள்ளோட்டத்தில் எதிரெதிர்க் கால்கள் சோடியாகப் படும், இரண்டு தட்டு. அதைவிட வேகமான பாய்ச்சலில் மூன்று தட்டு. ஒருவர் நடுவில் நின்று கைதட்டிச் சொல்ல, மற்றவர்கள் சுற்றிவர ஓட வேண்டும். "நடை" என்றால் முழங்காலை உயர்த்தி நடத்தல். "துள்ளல்" என்றால் மெல்லோட்டம். "பாய்ச்சல்" என்றால் ஒரே காலை எப்போதும் முன்வைத்துத் தாவி ஓடுதல். சொல் மாறியதும் மாறாதவர் வெளியே. உடம்பைச் சூடாக்க இதுவே நல்ல தொடக்கம்.

2. வளைவோட்டம்: ஐந்து பிளாஸ்டிக் போத்தல்களில் மணல் நிரப்பி, இரண்டு மீற்றர் இடைவெளியில் வரிசையாக வையுங்கள். அவற்றுக்கு இடையே வளைந்து வளைந்து போய், கடைசிப் போத்தலைச் சுற்றி, அதேபோல் திரும்ப வேண்டும். போத்தல் விழுந்தால் நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் தொடர வேண்டும்.

3. தேசிக்காயும் கரண்டியும்: எங்கள் பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில் எல்லோரும் ஓடியதுதான். ஆனால் குதிரைமீது ஓடுவது வேறு. ஒரு கையில் கடிவாளம், மறு கையில் கரண்டி. கரண்டியை வாயில் வைக்க வேண்டாம். விழுந்தால் பல்லில் குத்தும்.

4. பனங்கொட்டை பொறுக்குதல்: இரண்டு மீற்றருக்கு ஒன்றாக ஐந்து பனங்கொட்டைகளை வையுங்கள். தொடக்கக் கோட்டில் ஒரு வாளி. ஒவ்வொரு தரமும் ஒரு கொட்டையை மட்டும் எடுத்து வந்து வாளியில் போட வேண்டும். குதிரையை விட்டு இறங்கக் கூடாது. முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்து எடுக்கப் பழக்குங்கள்.

5. கொடி மாற்றம்: நான்கு பேர் இருந்தால் இரண்டு அணி. வளவின் மறுகரையில் மண் நிரப்பிய வாளியில் அணிக்கு இரண்டு கொடி. முதலாமவர் ஓடிப்போய் ஒரு கொடியை எடுத்து வந்து கொடுக்க, அடுத்தவர் அதைக் கொண்டுபோய் நட்டுவிட்டு மற்றதை எடுத்து வர வேண்டும். எங்கள் பிள்ளைகள் அதிகம் சத்தம் போடுவது இதற்குத்தான்.

6. தடை தாண்டல்: இரண்டு வெற்றுப் பெயின்ற் வாளிகளைக் கவிழ்த்து, அவற்றின் மேல் ஒரு மெல்லிய தடியைச் சும்மா வையுங்கள். பப்பாசி இலைத் தண்டும் நல்லது. முதல் கிழமை 20 சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டாம். பழகப் பழகக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தலாம். இரண்டு தடைகளுக்கு இடையில் நான்கைந்து எட்டு ஓட இடம் விடுங்கள். இறங்கும்போது முழங்கால் மடிந்திருக்க வேண்டும்.

மழை நாளுக்கு ஒரு குதிரை

கார்த்திகை, மார்கழியில் எங்கள் பக்கம் விடாமல் மழை பெய்யும். அப்போது விறாந்தையில் சோக்கால் ஐந்துக்கு ஐந்து கட்டம் கீறுங்கள். சதுரங்கக் குதிரை பாய்வது போல, நேராக இரண்டு கட்டம், பக்கமாக ஒரு கட்டம் என்று பிள்ளை தானே பாய வேண்டும். ஒரு கட்டத்தில் ஒரு தரம்தான் கால் படலாம். 25 கட்டத்தையும் மிதித்து முடிக்க வேண்டும். மூலையிலிருந்து தொடங்கினால் முடிக்கலாம். மூலைக்குப் பக்கத்துக் கட்டத்திலிருந்து தொடங்கினால் ஒருபோதும் முடியாது. நான்குக்கு நான்கு கட்டத்தில் எங்கிருந்து தொடங்கினாலும் முடியாது. முதலில் பிள்ளைகளே முயலட்டும். முடியாவிட்டால் இந்த வழியைக் காட்டுங்கள். எண் வரிசைப்படி பாய வேண்டும்.

1 – 20 – 17 – 12 – 3
16 – 11 – 2 – 7 – 18
21 – 24 – 19 – 4 – 13
10 – 15 – 6 – 23 – 8
25 – 22 – 9 – 14 – 5

கணக்கு என்றாலே ஓடுகிற என் சின்னவள் இதற்காக ஒரு கொப்பி முழுதும் கட்டம் கீறி வைத்திருக்கிறாள்.

"குதிச்சா ஏதும் ஆகாதோ?"

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்ததற்கு வருகிறேன். வேலிக்கு வெளியே சத்தம் கேட்கத் தொடங்கியதும் பேச்சும் தொடங்கியது. "குமர்ப்பிள்ளையளைக் குதிக்க விடுறியே, நாளைக்குக் கர்ப்பப்பை இறங்கினா ஆர் பொறுப்பு?" என்று ஒரு பக்கத்து வீட்டு அக்கா நேரேயே கேட்டார். மாமியும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை, பொறுமையாகச் சொன்னார். ஓடுவதாலும் குதிப்பதாலும் சுகமான ஒரு பிள்ளையின் கர்ப்பப்பைக்குக் கெடுதி வராது. மாதவிடாய் நாட்களிலும் பிள்ளைக்கு விருப்பமென்றால் விளையாடலாம், சிலருக்கு வயிற்றுவலி குறையவும் கூடும். வலி அதிகமென்றால் அன்றைக்கு ஓய்வு எடுக்கட்டும், கட்டாயப்படுத்த வேண்டாம். பெண்பிள்ளைகளின் எலும்பில் பெரும் பங்கு பதினெட்டு வயதுக்குள்ளேயே உறுதியாகிவிடுகிறது. ஓட்டமும் பாய்ச்சலும் அதற்கு உதவுகின்றன. பிறகு வயது போன காலத்தில் இடுப்பெலும்பு முறியாமல் இருக்க இப்போதே சேமிக்க வேண்டும். கொஞ்சம் ஓடினாலே முகம் வெளிறி மூச்சு வாங்கும் பிள்ளையாக இருந்தால், சோம்பல் என்று ஏசாமல் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். இரத்தசோகையாக இருக்கலாம். இதைக் கேட்டதும் மகளைக் கூட்டிப்போய்ச் சோதித்தேன். இரத்தம் குறைவாகத்தான் இருந்தது. அவள் இரண்டு வருடமாகப் பாரம், பாரம் என்று சொன்னதன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

5 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு வியர்க்க ஓடியாட வேண்டும் என்றும், எலும்பையும் தசையையும் பலப்படுத்தும் விளையாட்டு கிழமைக்கு மூன்று நாளாவது வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் சொல்கிறது. அந்த நிறுவனம் 146 நாடுகளின் விபரங்களைக் கொண்டு 2019இல் வெளியிட்ட ஆய்வில், 11 முதல் 17 வயதுவரை உள்ள ஆண்பிள்ளைகளில் 100க்கு 78 பேரும் பெண்பிள்ளைகளில் 100க்கு 85 பேரும் அந்த அளவுக்கு ஓடியாடுவதில்லை என்று கண்டார்கள். அந்த 85 பேரில் என் மகளும் ஒருத்தியாக இருந்தாள்.

நான் விட்ட பிழை

எல்லாம் நல்லபடி நடந்தது என்று எழுதினால் அது பொய். மூன்றாம் மாதம் ஒருநாள், வாளி உருளுகிறதே என்று நான் சீமெந்துக் கற்களை வைத்து, அவற்றின் ஓட்டைக்குள் தடியைச் செருகிவிட்டேன். இறக்கக்கண்டிப் பக்கத்திலிருந்து வரும் மகளின் வகுப்புத் தோழி பாய்ந்தபோது கால் தடியில் பட்டது. தடி விழவில்லை, பிள்ளை விழுந்தாள். கணுக்கால் சுளுக்கி வீங்கிவிட்டது. துணியில் ஐஸ் சுற்றி வைத்து, காலை உயர்த்தி வைத்து, வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். முறிவு இல்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

அந்தப் பிள்ளையின் தாய் அடுத்த நாளிலிருந்து அனுப்பவில்லை. நியாயம்தானே. நான் வீட்டுக்குப் போய், "பிழை என்னுடையது" என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். எப்படி நடந்தது, இனி என்ன செய்வேன் என்பதையும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணீர் தந்தார். மூன்று கிழமை கழித்து மகளோடு தானும் வந்தார். "நானும் நிண்டு பார்க்கிறன்" என்றார். இப்போது தடையடியில் நின்று தடியை எடுத்து வைப்பவர் அவர்தான். அவர் சொல்லித்தான் இந்த விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினோம்.

தட்டினால் விழாத எதையும் தடையாக வைக்கக் கூடாது. கயிற்றைக் கட்டித் தாண்டக் கூடாது. முக்காடு, துப்பட்டா ஆகியவற்றைக் கழுத்தை இறுக்காதபடி குத்தூசி இல்லாமல் உள்ளே செருகிக்கொள்ள வேண்டும். செருப்போடு ஓடக் கூடாது. சப்பாத்து அணியலாம், அல்லது கூட்டித் துப்புரவாக்கிய மணலில் வெறுங்காலோடு ஓடலாம். கண்ணாடித் துண்டும் நெருஞ்சியும் இருக்கிறதா என்று முதலில் ஒருவர் நடந்து பார்க்க வேண்டும். கச்சான் காற்று வீசும் வெயில் காலத்தில் ஐந்து மணிக்கு முன் தொடங்கக் கூடாது. தண்ணீர்ப் போத்தல் பக்கத்தில் இருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் இல்லாமல் தடை தாண்டக் கூடாது.

இப்போது

பெரிய அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. மகள் இன்னும் கைபேசி பார்க்கிறாள். ஆனால் இரும்புச்சத்துக் குளிசையும் கீரையும் சாப்பிடுகிறாள், தண்ணீர் வாளியை நிற்காமல் தூக்கி வருகிறாள். உடற்பயிற்சிப் பாடத்துக்குச் சாட்டுச் சொல்வதில்லை. இந்த வருட இல்ல விளையாட்டுப் போட்டியில் அஞ்சலோட்டத்துக்குத் தானாகவே பெயர் கொடுத்தாள். நான்காவதாகத்தான் வந்தார்கள். அதற்கே வீட்டில் பாயாசம் காய்ச்சினோம்.

மாமி பல நாள் திண்ணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார். ஒருநாள், "அந்தச் சிவப்புக் குதிரைக்காரி போத்தலைத் தட்டிப்போட்டு நிமிர்த்தாமல் போறாள், நீ பார்க்கேல்லையோ?" என்று அங்கிருந்தே சத்தம் போட்டார். அன்றிலிருந்து அவர்தான் நடுவர். ஒழுங்கைப் பக்கக் கதவை இன்னும் சாத்தித்தான் வைக்கிறோம். வெளியே நின்று கேலி பேசுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை மாற்ற இன்னும் காலம் எடுக்கும்.

சின்னவளுக்கு இப்போது பத்து வயது. போன கிழமை குதிரையின் பிடரிக்குத் தும்பு கட்டிக்கொண்டிருந்தவள், தலை நிமிராமலே, "அம்மா, நான் பெரியபிள்ளையான பிறகும் விளையாடலாமோ?" என்று கேட்டாள். மூத்தவள் என்னைப் பார்த்தாள். மாமியும் பார்த்தார்.

"ஓம் பிள்ளை, விளையாடலாம்" என்றேன். மூத்தவள் ஒன்றும் சொல்லாமல் தும்பின் மற்ற நுனியைப் பிடித்துக்கொடுத்தாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் மூலையில் குந்தியிருக்கும் ஒரு பிள்ளை இருக்கக்கூடும். "எழும்பி விளையாடு" என்று சொல்லிவிட்டு நாம் அடுப்படிக்குப் போய்விட்டால் அவள் எழும்ப மாட்டாள். ஒரு மட்டையை அவளுக்கும் ஒன்றை உங்களுக்கும் வெட்டிக்கொண்டு வாருங்கள். முதலில் நீங்கள் ஏறி ஓடுங்கள். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. பிறகு பழகிவிடும்.